மூன்றரை மணிப் படகு

கிராண்ட் பே துறையில்
பெயர்ப் பட்டியலோடு நின்றான் சில்வேன்.
"சினாத்தாம்பூ!"
நான்தான். கை தூக்கினேன்.
எந்தக் குமாஸ்தாவின் காதில்
சின்னத்தம்பி அப்படி விழுந்தானோ,
என் வங்கிக் கணக்கிலும் அதுவே.
திருத்தப் போனால் ஏழு படிவம், இரண்டு சாட்சி.

பவளத் திட்டு வரை கடல் பச்சையாய்ப் படுத்திருந்தது.
தாண்டியதும் வேறு ஆள்.
தேனிலவுக்கு வந்த பையன்
வாளியைக் கட்டிக்கொண்டான்.
புதுப்பெண் ஒரு கையால் அவன் முதுகைத் தடவி
மறு கையால் அடிவானத்தைப் படமெடுத்தாள்.

கப்ரியேல் தீவில்
கடை இல்லை, குழாய் இல்லை,
இரவில் இருக்க ஆளும் இல்லை.
மணல் மட்டும் எல்லாவற்றிலும்,
நான் சுற்றிக் கொண்டுவந்த ஃபராத்தாவின்
மடிப்புக்குள்ளும்.

புதரடியில்
கூடென்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லாமல்
வெறுந்தரையில் ஒரு வெள்ளைப் பறவை.
வாலில் ஓர் இழை, அதன் உடம்பைவிட நீளம்.
ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன்.
எழவில்லை.
கெட்ட வார்த்தை போல ஒன்றைக் கத்திவிட்டு
மறுபடி முட்டைமேல் சரிந்தது.

மீனைத் திருப்பிப் போட்டபடி சில்வேன் சொன்னான்:
இங்கேயும் எதிர்த் தீவிலும்தான்
நோய் கண்ட கப்பல்காரர்களை
இறக்கி வைத்தார்களாம்.
கரும்பு வெட்ட வந்து
கரும்பைக் கண்ணால் பார்க்காமலே போனவர்கள்.
"பயணிகளிடம் சொல்வதில்லை,
சாப்பாடு இறங்காது."
என்னிடம் ஏன் சொன்னான்?
கேட்கவில்லை.
மீன் நன்றாக இருந்தது.
இரண்டாவது துண்டும் வாங்கித் தின்றேன்.

மூன்றரைக்குத் தலை எண்ணினான்.
முப்பத்தொன்று.
மறுபடி எண்ணினான். முப்பத்தொன்று.
யாரும் பேசவில்லை.
நான் புதர்களையே பார்த்தேன்.

அந்தப் பையன்தான்.
மணலில் கால் புதைத்து உட்கார்ந்து
"நான் இங்கேயே இருந்துவிடுகிறேன், நீ போ"
என்கிறான் பெண்டாட்டியிடம்.
கடலைப் பார்க்காமல் சொல்கிறான்.
ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும்.
நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக.
இறங்கிப் போய்
என் பையிலிருந்த இஞ்சித் துண்டைக் கொடுத்தேன்.
மென்றான். முகம் சுளித்தான்.
நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கை பிடித்து
இடுப்புத் தண்ணீரில் நடத்திக் கூட்டி வந்தோம்.

இயந்திரம் இருமிக் கிளம்பியது.
சில்வேன் ஈரப் பேனாவை உதறி
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கோடு போட்டான்,
திரும்பியவர் என்று.
என் வரி வந்தபோது எட்டிப் பார்த்தேன்.
எழுத்து தப்புத்தான்.
பேனா இரண்டு முறை மக்கர் செய்தது.
மூன்றாம் முறை அழுத்திப் போட்டான்,
தாள் கிழிய.