நாற்பத்தொன்றாம் எண்

ஓசூர் சிப்காட்டில் இரண்டாவது ஷிப்டு.
பக்கத்துக் கம்பெனியில் ரப்பர் வேகும் வாடை
ஏசியையும் மீறி வரும்.
எங்கள் கூடத்தில் எலிகளுக்குப் பகல்தான் ராத்திரி.
சிவப்பு விளக்கில் வேலை.

நாற்பத்தொன்றாம் எண்.
தன் ரத்தமே தன் ஈரலை அரிக்கும்படி
ஆக்கி வைத்திருக்கிறோம் அதை.
மண்டையில் கடுகளவு நாலு கம்பி.
திரையில் ஓடுகிறது அதன் மூளை,
மழை விட்ட பிறகு தகரக் கூரை சொட்டுமே
அந்த மாதிரி, ஒரு சொட்டு,
வெகுநேரம் கழித்து
இன்னொன்று.

சோதனை எளிது.
புதுக் குட்டி ஒன்றைக் கூண்டில் விடுவோம்.
நல்ல எலி ஓடிப்போய் முகரும், சுற்றிச் சுற்றி வரும்,
நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத குறை.
மூக்கு தொட்ட விநாடிகளை மட்டும் எண்ண வேண்டும்.
பத்து நிமிடம்.
எதற்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்று
எனக்குச் சொல்லமாட்டார்கள்.
தெரிந்தால் விரல் ஸ்டாப்வாட்சில் இரக்கம் காட்டுமாம்.

எனக்கும் அதே வியாதி என்று
நாகவேணி மேடத்துக்குத் தெரியாது.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி டாக்டர்
வேலியே பயிரை மேய்வது என்றார்.
தக்காளி மண்டி வைத்திருக்கும் என் வீட்டுக்காரர்
'அப்ப வேலியப் புடுங்கிப் போட்டுடலாமே' என்றார்.
அதைத்தான் செய்கின்றன
காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று.
முகம் உப்பியது. வேலி இளைத்தது.
ரிப்போர்ட்டில் எல்லா எண்களும் கோட்டுக்குள் வந்துவிட்டன.
களைப்பு வரவில்லை.
அதற்கு எண் கிடையாது.
எண் இல்லாததற்கு எங்கள் வீட்டில்
ஒரே பெயர்தான்: சோம்பல்.

பயந்தால் ஈரக்குலை நடுங்குது என்கிறோம்.
ஈரலுக்கும் நெனப்புக்கும் வழி இருப்பது
ராயக்கோட்டைச் சந்தைக்கே தெரியும்.
நாங்கள் முந்நூறு எலிகளோடு
இப்போதுதான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன ஞாயிறு நாத்தனார் மகள் வந்தாள்
புதுக் கம்மலைக் காட்ட.
நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
கொலுசுச் சத்தம் வாசல்படி வரைக்கும் வந்தது.
எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.
நினைத்ததே ஒரு நாள் வேலையாக இருந்தது.
கொலுசு கொஞ்சம் நின்றுவிட்டு
சமையற்கட்டுக்குப் போயிற்று.

நாற்பத்தொன்று மூலையில் குந்தியிருந்தது.
ஏழு நிமிடம். எட்டு.
ஒன்பதாவதில் திரையில் என்னவோ எழும்பியது,
எலியும் எழுந்தது.
ஓரடி. நின்றது. மீசை துடித்தது.
இன்னும் மூன்று.
குட்டிக்கும் அதற்கும் ஒரு விரற்கடை இருக்கும்.
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.
மணி அடித்தது.

மூக்கு தொடவில்லை. பூஜ்ஜியம் விநாடி.
எழுதினேன், விதி விதிதான்.
வெள்ளிக்கிழமை ஈரல் ஒரு குப்பியில்,
மூளை இன்னொரு குப்பியில்,
இரண்டிலும் ஒரே எண்ணை ஒட்டப்போவதும் நான்தான்.

வரிசையின் கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம்.
இரண்டு வருஷமாக யாரும் நிரப்பியதில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினேன்:
நாலடி வந்தது.

மறுநாள் பார்த்தால்
அதை வட்டமிட்டு
கேள்விக்குறி போட்டிருந்தார் மேடம்.
அடிக்கவில்லை.