இரண்டாம் பொத்தான்

இரவில் அது சரிந்து படுக்கிறது,
முன்னிடது மூலை மட்டும்.
வெள்ளவத்தை அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில்
காலையில் போய்ப் பார்த்தால்
ஒரு முழங்காலை மடித்தபடி இருக்கும்,
எழும்ப மனமில்லாமல்.
காவலாளி விஜேபால தினமும் சொல்வார்:
"மிஸ், உங்கட யானைக்குக் கால் நோகுது."

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுக் கயென் டர்போ.
எட்டு சிலிண்டர். நானூற்றைம்பது குதிரைவலு.
நான் கேட்டு வாங்கியதில்லை.
மூன்று வருடக் கணக்காய்வுக் கூலிக்குப் பதிலாய்
சாவியை ஒரு கடித உறைக்குள் போட்டுத் தந்துவிட்டு
ஹரேந்திரன் டுபாய்க்கு ஏறினான்.
பெறவேண்டிய கடன் என்று கிடந்ததைச்
சொத்து என்று மாற்றி எழுதினேன்.
பேரேடு சமப்பட்டது.
வாகனம் சமப்படவில்லை.

நானூற்றைம்பது குதிரையும்
பம்பலப்பிட்டிச் சந்தியில்
ஒரு முச்சக்கர வண்டிக்குப் பின்னால் நிற்கும்.
நின்றாலும் குடிக்கும்.

தெமட்டகொடையில் ஸப்ரான் பாஸ்
கணினியைச் செருகினார். பதினேழு பிழைக் குறிகள்.
"இதில நாலுதான் உண்மை மிஸ்.
மிச்சம் பயத்தில சொல்ற பொய்.
பற்றரி இறங்கினா எல்லாமே குழறும்."
எனக்குப் பழகிய தொழில்தான்.
அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

காற்றுத் தாங்கியின் மடிப்பில்
சவர்க்கார நுரையைத் தூரிகையால் பூசினார்.
காத்திருந்தோம்.
ஒரேயொரு குமிழி,
கடுகளவாய்ப் பிறந்து,
நெல்லிக்காயளவாகி,
உடைந்தது.
இரவு முழுக்க ஒரு மூலையைப் படுக்கவைத்தது
இவ்வளவுதான்.

பஞ்சிகாவத்தையில் மூன்று கடை.
முதலாமவன் சொன்ன விலைக்கு
நான் பதில் சொல்லவில்லை.
இரண்டாமவன் பெயரைக் கேட்டதுமே சிரித்தான்.
மூன்றாமவன் தேத்தண்ணி தந்தான்,
பின்பக்கம் கூட்டிப்போனான்.
ஜப்பானிலிருந்து பாதியாய் வெட்டி இறக்கிய இன்னொரு கயென்,
மூக்கும் முன்சக்கரமும் மட்டும்,
தகரக் கூரைக்குக் கீழே.
அதன் தாங்கிக்குள் இன்னும் காற்று இருந்தது.

பிறகு எஞ்சினின் பள்ளத்துக்குள் பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாய்கள்.
தொட்டதும் பிஸ்கட்டாய் நொறுங்கின.
தயாரித்தவனின் சிக்கனம்
இருபது வருடம் கழித்து என் செலவில்.
அலுமினியம் போட்டோம்.
முன்கண்ணாடிக்குக் கீழே வடிகாலை அடைத்திருந்தது
மாரா மரத்தின் சிற்றிலைகள்,
ஹவ்லொக் வீதியின் ஒரு மழைக்காலம் முழுதும்.
ஸப்ரான் பாஸ் கைநிறைய அள்ளியெடுத்தார்.
"கியர் மூளைக்குத் தண்ணி போனது இதால."

பற்றரி சாரதி இருக்கைக்குக் கீழே.
நான்கு பெரிய ஆணி கழற்றி,
இருக்கையையே பின்னால் மல்லாத்தவேண்டும்.
புதிது வைத்து, திரும்பப் பூட்டி,
"பொத்தானெல்லாம் அமத்திப் பாருங்க" என்றார்.

ஒன்று.
இருக்கை பின்னால் போய்ச் சாய்ந்தது:
ஹரேந்திரனின் நீளம், அவனுடைய சோம்பல்.

இரண்டு.
முன்னே வந்தது. உயர்ந்தது. முதுகு நிமிர்ந்தது.
ஸ்டீயரிங் தாழ்ந்தது.
பக்கக் கண்ணாடிகள் இரண்டும் குனிந்து
பின்சக்கரத்தைப் பார்த்தன.

யாரோ கட்டையானவர்.
யாரோ விளிம்புக் கல்லுக்குப் பயந்தவர்.
அவன் மனைவி ஓட்டமாட்டாள்.
சாரதி ஆறடி.
மூன்று வருடம் அவனுடைய ஒவ்வொரு வவுச்சரையும்
பச்சைப் பேனையால் சரி போட்டவள் நான்.
இந்த உடம்புக்கு அங்கே சம்பளமில்லை,
படியில்லை, பெற்றோல் காசுகூட இல்லை.
இங்கே, இந்தத் தோலுக்குள் மட்டும்
அங்குலம் பிசகாமல் பதிவாகியிருக்கிறது.

"அழிச்சிட்டு உங்கடைய வைக்கவா மிஸ்?"

என்னுடையதை மூன்றில் வைத்தேன்.

இன்று காலை முன்னிடது நிமிர்ந்து நின்றது.
விஜேபால டோர்ச்சுடன் ஒருமுறை சுற்றிவந்தார்,
இன்னொருமுறை சுற்றினார்,
பின்வலதுக்குப் பக்கத்தில் நின்று
என்னைப் பார்த்தார்.