பெருக்கல் நான்கு

முதல் நாள் எழுதியது இவ்வளவுதான்:
கம்பம் மூன்று.
நாடி பதினைந்து விநாடிக்கு நாற்பது,
பெருக்கல் நான்கு, நூற்று அறுபது.
பக்கத்தில் சிவப்பு மசியில்:
உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறைக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.
கட்டி வெள்ளி உள்ளே போகும்
கொலுசு வெளியே வரும்
நடுவில் காணாமல் போனதைச்
சேதாரம் என்று எழுதிக் கோடு போடுவேன்.
இருபது வருடத்தில்
ஒரு மில்லிகிராமைச் சும்மா விட்டதில்லை.
என் ரத்தத்தில் சர்க்கரை ஏறியதைத்தான்
எந்தப் பத்தியிலும் பதியாமல் விட்டிருக்கிறேன்.

வேகமா நடங்க, நடுவுல கொஞ்சம் ஓடுங்க,
மூச்சு வாங்கணும்
ஆனா பேச முடியணும்
என்றார் டாக்டர்.
என்ன பேசுவது என்று சொல்லவில்லை.

மூக்கனேரிக் கரையில்
விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு
யாரிடம் என்ன பேச?
நாமக்கோழிகள் தண்ணீரில் தம் வேலையைப் பார்க்கின்றன.
வடக்கே சேர்வராயன் மலை
இன்னும் போர்வையை விலக்கவில்லை.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
ஓர் பதினாறு பதினாறு
ஈர் பதினாறு முப்பத்திரண்டு
மூ பதினாறு நாற்பத்தெட்டு
நால் பதினாறு

அறுபத்து நாலு வரவில்லை.
இரண்டாம் நாள் பேரேட்டில்
அதையே எழுதினேன்:
நால் பதினாறில் அறுந்தது.

மகள் பிரதீபா கைக்கடிகாரம் வாங்கித் தருகிறேன் என்றாள்.
அதுவே எண்ணுமாம், அதுவே எழுதுமாம்.
தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளும் பட்டறை எதையும்
நான் நம்பியதில்லை கண்ணு என்றேன்.
மணிக்கட்டில் மூன்று விரல் போதும்.
விரல் பொய் சொன்னால்
அது என் பொய்.

ஒன்பதாம் நாள் ஐந்து கம்பம், அறு பதினாறு.
பதினான்காம் நாளும் அதே.
பதினேழாம் நாள் நாடி கூடியிருந்தது.
கூட்டல் பிழையோ என்று
நின்று மறுபடி எண்ணினேன்.
பிழை இல்லை.
முந்தைய இரவு ஒரு மணி வரை
ஆண்டுக் கணக்கு முடித்தது நினைவுக்கு வந்தது.
அதையும் எழுதினேன், ஓரத்தில், பென்சிலால்.

பிறகு ஆடி.
கோட்டை மாரியம்மன் பண்டிகை, வீடு நிறைய ஆட்கள், மழை வேறு.
ஆறு நாள் கட்டத்தின் குறுக்கே
ஆடி என்று சாய்வாக ஒரே ஒரு சொல்.
ஏழாம் நாள் போனால்
கால் என்னை யாரென்று கேட்டது.
நான்கு கம்பம்.
அழித்து ஐந்து என்று திருத்த
ரப்பர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஒரு மத்தியானம்
உருக்குகிற மாணிக்கராஜ் மூசையைத் தூக்கும்போது
அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.
சும்மா இருந்த விரல்
மணிக்கட்டுக்குப் போனது.
தொடக்கத்தில் உட்கார்ந்த நிலையில் தொண்ணூற்றிரண்டு.
இப்போது எழுபத்தெட்டு.
நிமிடத்துக்குப் பதினான்கு மிச்சம்.
மணிக்கு எண்ணூற்று நாற்பது.
கேட்காமலே என் பெயரில்
யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
இதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?
முதலாளி எட்டிப் பார்த்து
சௌடேஸ்வரி, கணக்கு சரியாச்சா என்றார்.
இல்லைங்க, கூடுதலா இருக்கு என்றேன்.
அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

இன்று எட்டாம் கம்பம்.
ஓட்டம் நிற்காமலே
எண் பதினாறு நூற்று இருபத்தெட்டு
ஒன்பது பதினாறு நூற்று நாற்பத்து நாலு
பதின் பதினாறு
என்று இழுத்து
முழு மூச்சில் உரக்கச் சொன்னேன்:
நூற்று அறுபது!

சொன்ன பிறகுதான் உறைத்தது,
முதல் நாள் என்னை உட்கார வைத்த எண் இது.

கரையோரம் வலையை உதறிக்கொண்டிருந்தவர்
நிமிர்ந்து பார்த்தார்.
கிலோவுக்காம்மா? ரொம்பக் கம்மி.

நிமிஷத்துக்கு
என்று சொல்லிக்கொண்டே
ஒன்பதாவது கம்பத்துக்குப் போனேன்.