வரிசையில் ஒரு கிரவுண்

மூன்றாம் நாளும் கொக்குவில் செற்றுக்குப் பெற்றோல் வரவில்லை.
தாவடிச் சந்தியையும் தாண்டிய வரிசையில்
என் ரொயோட்டா கிரவுண்
நூற்றுப் பதினேழாவது.
எண்பத்தோராம் ஆண்டுப் பிறப்பு.
தள்ளித்தான் கொண்டுவந்தேன், அதிலென்ன வெட்கம்.

ஒன்றரைத் தொன் இரும்பு.
வரிசை ஒரு கார் நீளம் நகரும்போதெல்லாம்
முன்னுக்கு நின்றவர்களும் பின்னுக்கு நின்றவர்களும் வந்து
கை வைத்தார்கள்.
தங்கள் வாகனத்தை விட்டுவிட்டு
இதைத் தள்ள வந்தார்கள்.

கஜரூபன் என்றொரு பெடியன்.
வங்கியில் வேலை, லீசிங்கில் எடுத்த ஹைபிரிட்.
"அக்கா, ஒருக்கா உள்ளுக்க இருந்து பாக்கட்டோ?"
ஏறினான். கதவைச் சாத்தினான்.
திறந்து மறுபடி சாத்தினான்.
அந்தச் சத்தத்தை மணி என்றோ வீணை என்றோ சொன்னால் பொய்.
தோளிலிருந்து அரிசி மூட்டையை
வலிக்காமல் இறக்கி வைக்கிற சத்தம்:
தும்.
ஐந்தாம் தரம் சாத்தியபோது
"பிணைச்சல் தேயும் தம்பி" என்றேன்.

நாவற்பழ நிறத்தில் வெல்வெற் இருக்கை.
பின் கண்ணாடிக்குச் சின்னத் திரைச்சீலை.
வாசிக்க ஒரு விளக்கு, ஆள் மட்டில் வெளிச்சம்.
ஏசி செத்து ஒன்பது வருஷம்.
மணிக்கூடு இருபது நிமிஷம் பிந்தி ஓடும்,
ஓடும்.

தொண்ணூறுகளில் இதற்கு மண்ணெண்ணெய்தான் சாப்பாடு,
சூப்பிப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி எழுப்புவார்களாம்.
"இருமும், கறுப்பாய்த் துப்பும், ஆனால் நடுவழியில விட்டதில்லை"
என்பான் கராஜ் சிறில்.
முடி சூடினதுக்கும் கஞ்சி வார்த்த காலம்.

மத்தியானம் குடையோடு வந்தார் தரகர் புஸ்பநாதன்.
"நீர்கொழும்பில ஒரு பார்ட்டி. நாப்பது லட்சம்."
"பெற்றோல் இல்லாத காருக்கோ?"
"ஓடேக்க எல்லாக் காரும் வடிவுதான், பிள்ளை.
நிக்கேக்க வடிவாய் இருக்கிறது இது ஒண்டுதான்."
விற்க வந்தவர் மாதிரிப் பேசுகிறாரே என்று நினைத்தேன்.

ஏன் வாங்கினாய் என்று எல்லோரும் கேட்டாயிற்று.
இரண்டு சீட்டும் ஒரு காப்பும் போன கதை அது.
நான் கணக்கு ரீச்சர்.
வழி காட்டாமல் விடை மட்டும் எழுதுகிற பிள்ளைக்குப்
பாதிப் புள்ளிதான் போடுவேன்.
இந்தக் கணக்கில் எனக்கும் பாதிதான்.

இரவு, பின்னால் நின்ற ஓட்டோவில்
காய்ச்சற் குழந்தையோடு ஒருத்தி.
இருக்கையைக் கொடுத்துவிட்டு
பொனற்றில் குந்தியிருந்தேன், நுளம்புக்கு விருந்தாய்.
திரைச்சீலையை இழுத்து விட்டாள்.
வாசிக்கிற விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தது.
விடிய, வெல்வெற்றில் பால் கறை.
பிறகு கழுவினேன், போகவில்லை.

நாலாம் நாள் பவுசர் வந்தது.
காருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குத்தான் என்றார்கள்.
நானூற்று எழுபதுப்படி இருபத்தொரு லீற்றர்,
லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர்,
மிச்சத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்.

திறப்பைத் திருகினேன்.
முதல் தரம் முனகல். இரண்டாம் தரம்
ஆறு சிலிண்டரும் ஒன்றாய் மூச்சு விட்டன.
ஓடுகிறதா என்று கேட்டான் பம்ப் அடித்தவன்.
ஓரமாக எடுத்து நிறுத்தினேன்.
தன் முறையையும் விட்டுவிட்டு ஓடி வந்தான் கஜரூபன்,
பொக்கற்றுக்குள் கைவிட்டு
ஒரு பத்து ரூபாய்க் குத்தியை எடுத்து
பொனற்றின் மேல் நிமிர்த்தி வைத்தான்.
நின்றது.

ஓட்டோக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
புஸ்பநாதன் குடையை மடக்கினார்.
குனிந்த தலைகளுக்கு நடுவில்
ஒரு குத்தி, மெல்லிய விளிம்பில்.

நாற்பத்தொன்று வரை எண்ணினேன், விழுந்தது.
மறுபடி வைத்தான்.
பெற்றோல் எரிந்துகொண்டிருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.