தேயாத நாகம்

தடைக்காலம் தொடங்கி ஆறாம் நாள்.
அக்கரைப்பேட்டைச் சாலையில்
என் பழைய இரும்புக் கடைத் தராசுக்கு ஓய்வில்லை.
கடுவையாற்றுக் கரையேறிய விசைப்படகுகள்
கழற்றிப் போடுவதெல்லாம்
இங்கேதான் வந்து விழும்.

இரும்பைத் தொட்டால் உள்ளங்கை சிவக்கும்.
ஒளிக்கத் தெரியாத பிறவி,
ஈரக்காற்று விசாரித்தாலே எல்லாம் சொல்லிவிடும்.
அலுமினியம் அப்படியில்லை.
உள்ளே படபடப்பு, மேலே ஒரு மெல்லிய தோல்;
அறுத்த நொடியே அறுபட்ட வாயை மூடிக்கொள்ளும்.
உப்பு மட்டும் அந்தத் தோலில் ஊசித்துளை போடும்.
செம்பு நிதானி. பச்சை பூக்கவே வருஷங்கள் கேட்கும்.
போன வாரம் ஒரு பித்தளை விசிறி வந்தது:
உள்ளிருந்த நாகம் சொல்லாமல் கடலோடு போயிருக்க
மிச்சமெல்லாம் செந்நிறப் பஞ்சு.
விரலால் அழுத்தினேன், உதிர்ந்தது.
தங்கம் என் தராசில் ஏறியதே இல்லை.

நாகம் என்றால் துத்தநாகம்.
“உள்ள நாகம் கிடக்கு, பாத்து” என்றால்
வெளியூர் லாரிக்காரர் காலைத் தூக்கிக்கொள்கிறார்.

படகின் இரும்பு வயிற்றில், சுக்கான் பக்கம்,
செங்கல் அளவில் நாலு கட்டி முடுக்குவார்கள்.
கடல் கேட்பதை
இரும்புக்கு முன்னால் இது கொடுக்கும்.
கொடுப்பதில் யார் முந்தி,
உலோகங்களுக்குள் வரிசை என்றால் அதுதான்.
மேட்டூர்த் தண்ணீர் வந்து
முகத்துவாரம் இனிக்கும் நாட்களில் கொஞ்சம் சோம்பும்.
உப்பு ஏறினால் மறுபடி கரையும்.
வருஷ முடிவில் எலி கொறித்த கருவாடாய்
பாதி எடையில் வந்து சேரும்.

நாகூரான் கொண்டு வந்த நாலும்
மூலைகூட மழுங்காமல்
படகின் அதே நீலத்தில் இருந்தன.
“பழுது வரக்கூடாதுன்னு
இதுக்கும் சேத்துப் பெயிண்ட் அடிச்சேன்.
தேயவே இல்ல பாருங்க.
இது எதுக்கு வெட்டியா? எடை போடுங்க.”

முள் முழு எடை காட்டியது.
நான் விலை சொல்லவில்லை.
“சுத்தியல எடுத்துட்டுப் போய்
அடிவயித்துல தட்டிட்டு வாங்க.”

மூன்றாவது தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டதாம்.
விசிறிக்குப் பக்கத்துத் தகடு அப்பளம்.

மறுநாள் தையல்நாயகியின் கழுத்துச் சங்கிலி
வட்டிக்கடைக்கு நடந்தது,
புதுத் தகட்டுக்கும் வெல்டிங் கூலிக்கும்.
எந்தக் கடலுக்கும் ஓர் அணு கொடுக்காத தங்கம்
வீடு என்று வந்தால் முதல் ஆளாய்க் கிளம்புகிறது.
செம்புக் குடம் அப்புறம்.
இரும்புக் கட்டில் கடைசிவரை கிடக்கும்.
புத்தகத்து வரிசையை அங்கே
அடியிலிருந்து படிக்க வேண்டும்.

நேற்று, விட்டுப்போன கட்டிகளைக் கேட்டு வந்தார்.
வாசலில் லாரி டயர்மேல் உட்கார்ந்து
கத்தியால் சுரண்டினார், ஒரு மணி நேரம்.
கைலி முழுக்க நீலச் செதில்.
மீனில்லா மாதத்தில் அவர் உரித்த செதில் அவ்வளவுதான்.
அடியில், வெளிறிய சாம்பலில்,
நாலு அம்மணக் கட்டிகள்.

“அடுத்த வருஷமும் இதே எடையில வந்தா
வாங்க மாட்டேன்.
பாதியாக் கரைஞ்சு வரட்டும்,
முழு விலை தர்றேன்.”

சிரித்தாரா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாரா,
தெரியவில்லை.
சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.
தராசுத் தட்டைத் துடைத்தேன்.
கையெல்லாம் துரு.