வெளிப்பக்கம் திறப்பது

ரான்வா இரண்டு முறை அளந்தாள்.
பழைய குளியலறைக் கதவின் கண்ணாடி,
மீன்பெட்டிப் பலகை,
மழை வழிய ஒரு சாய்வு,
காற்றுக்கென்றே கூடுதலாய் ஆறு திருகாணி.
டோர்ஸ்ஹவ்னில் காற்று
கேட்காமல் எடுத்துக்கொண்டு போகும்.

ஏணியைப் பிடித்திருந்த பார்தூர்
சிலிகான் பசை காய்ந்த பிறகுதான் கேட்டான்:
"சன்னல் எந்தப் பக்கம் திறக்கும்?"

வெளிப்பக்கம்.

சற்று நேரம் இருவரும்
கைக்கெட்டாமல் போன
தொட்டி மண்ணையே பார்த்தார்கள்.
பிறகு அவள்
கீல்களை நெம்பி எடுத்தாள்.
சன்னல் இப்போது
கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
உருளைக்கிழங்கு வேகும் ஆவி
நேரே போய்
முள்ளங்கி இலையில் படிகிறது.

டிசம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
வானத்தை நம்பி வைத்த செடிகள்
ஒவ்வொன்றாய்த் தண்டை வளைத்து
உள்ளே,
அடுப்பின் மேல் தொங்கும்
நாற்பது வாட் பல்பைப்
பார்த்து நிற்கின்றன.