தனிநிலை

ஆகஸ்ட். ஷார்ஜாவில் இரவு இரண்டு மணிக்கும்
சுவர் வியர்க்கிறது.
குளிர்நீர்க் குழாயின் கீழே நான் வைத்த தயிர் டப்பா
மூன்றாவது முறை நிரம்பிவிட்டது.
பம்ப் ஓடுகிறது. வெற்றிடம் இன்னும் போதாது என்கிறது முள்.
காத்திருக்கிறோம்: நான், மௌஸா,
கட்டைவிரல் நகமளவு அலுமினியம்.

ஒரே துடிப்புதான். ஆறு நானோ நொடி.
ஆப்பு வடிவக் கண்ணாடி அதை இரண்டாய்ப் பிளக்கும்.
இரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி
இரண்டு குழி.
குழிக்கொரு கொழுந்தாய்
அயனியும் எலக்ட்ரானுமாக உலோகம் எழும்பி
ஒன்றையொன்று நோக்கி விரியும்.
பிறகு?
அந்தப் பிறகுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

போன வாரம் எனக்கு ஆத்திரம்.
மோதல் தெரியவில்லையா, ஆற்றலைக் கூட்டு என்றேன்.
கூட்டினோம்.
இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து
மறுபுறம் வெளியேறின,
ஒரு சலாம்கூட இல்லாமல்.
வேகம் இருமடங்கானால்
மோதாமல் போகும் தூரம் பதினாறு மடங்கு.
பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கிய வரி.

ரெக்ஸனுக்கு ருவைஸ் ஆலையில் வேலை.
இருபத்தொரு நாள் அங்கே, ஏழு நாள் இங்கே.
வியாழன் இரவு அவன் வந்து சேரும் நேரம்
லேசர் எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம்.
லிஃப்ட் வாசலில் சாவி கைமாறும்.
"சோறு குக்கர்ல இருக்கு."
"ஏசி ஏன் சத்தம் போடுது?"
கதவு மூடிக்கொள்ளும்.
இதை மௌஸாவிடம் சொன்னதில்லை.

அவள்தான் கேட்டாள்:
"டாக்டர், குறைத்துப் பார்க்கலாமா?"

முள் இறங்கியது. கதவின் மேல் சிவப்பு விளக்கு.
பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டோம்.
லேசர்ப் பெட்டிக்குள் ஒரு டக்,
பல்லி விழுந்த மாதிரி. அவ்வளவுதான்.

நாற்பது நானோ நொடியில் திறந்த படம்: இரண்டு புள்ளி.
இலக்கை நகர்த்தி, இன்னொரு டக்.
எண்பதில் நடுவே ஏதோ சந்தேகம்.
நகர்த்தி, டக்.
நூற்றைம்பதில்
இரண்டுக்கும் நடுவில், சற்று முன்தள்ளி
மூன்றாவதாக ஒன்று.
அங்கே லேசர் படவில்லை.
அங்கே உலோகமும் இல்லை.
வந்தவை நின்றுபோன இடம் அது,
நின்றதாலேயே அடர்ந்து
நின்றதாலேயே சுட்டு.
முந்நூறில் பெற்றவை இரண்டும் மங்கிவிட்டன.
அது எரிந்துகொண்டிருந்தது.

மௌஸா படத்தைத் திருப்பினாள், இலக்கு அடியில் வரும்படி.
கீழே இரண்டு, மேலே ஒன்று.
என் பேனா தானாக நோட்டில் போட்டது:
ஃ

"என்ன குறி இது?"
"எங்கள் எழுத்து. உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது."
"எப்படிச் சொல்வது?"
தனியாகச் சொல்ல வராது என்றேன்.
முன்னால் ஒரு குறில் வேண்டும், பின்னால் ஒரு வல்லினம்,
நடுவில்தான் அதற்கு மூச்சு.
இலக்கணத்தில் அதன் பெயர் தனிநிலை
என்று சொல்ல வாயெடுத்தேன்,
சிரிப்பு வந்துவிட்டது.
"அஃது" என்று சொல்லிக் காட்டினேன்.
தொண்டைக்குள்ளிருந்து எடுத்தாள் அவள்,
என்னைவிடச் சுத்தமாக.

படத்தை ரெக்ஸனுக்கு அனுப்பினேன். மணி மூன்று பத்து.
இரண்டு நீல டிக்.
தூங்கவில்லை போலிருக்கிறது.

தயிர் டப்பாவைக் கொட்டிவிட்டு வந்தேன்.
நாலு மணி வரை எங்கள் நேரம்.
இன்னும் கொஞ்சம் குறை, மௌஸா.